கொளுக்கி இல்லாத கண்ணி

வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். போன தவணை ஒருநாள், டிஎன்ஏயில் இருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏயில் இருந்து புரதம் என்று பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தபோது பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எச்.ஐ.விக்குக் குடுக்கிற குளிசை வைரசைக் கொல்லுமா?"

"கொல்லாது" என்றேன்.

"அப்ப அதைக் குடிச்சுக்கொண்டு ஆக்கள் எப்பிடி வயது போகும் மட்டும் இருக்கினம்?"

அதற்குள் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் படியில் வந்து நின்றுவிட்டார்கள். கேள்வி அப்படியே மிச்சமாகிப் போனது. கொல்லாத மருந்து எப்படி ஆளைக் காப்பாற்றுகிறது? அதை ஏன் வாழ்நாள் முழுக்க, ஒருநாளும் விடாமல் எடுக்கச் சொல்கிறார்கள்? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. ஒரு மூலக்கூறில் ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் இருக்கவேண்டிய இடத்தில் அவை இல்லை. அவ்வளவுதான் விசயம். ஆனால் அந்த இல்லாமையில் இருந்து வருவது கொஞ்சநஞ்சமில்லை.

நான் பலகையில் போட்ட அம்புக்குறியைத் திருப்பிப் போடுகிற வைரஸ் எச்.ஐ.வி. அதன் பரம்பரைச் செய்தி ஆர்என்ஏயில் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 9,700 எழுத்து. மனிதக் கலத்தின் 300 கோடி எழுத்துக்குப் பக்கத்தில் இது ஒரு துண்டுச் சீட்டு. கலத்துக்குள் நுழைந்ததும் வைரஸ் இந்தச் சீட்டைப் பார்த்து டிஎன்ஏயாக ஒரு பிரதி எழுதி, அந்தப் பிரதியைக் கலத்தின் சொந்த டிஎன்ஏக்குள் செருகிவிடுகிறது. பிறகு கலம் அதைத் தன்னுடையதென்றே நினைத்து வைரஸ் செய்து கொடுக்கும். ஆர்என்ஏயைப் பார்த்து டிஎன்ஏ எழுதும் நொதியத்தின் பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். அப்படி ஒன்று உண்டென்று ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் 1970இல் தனித்தனியாகக் காட்டினார்கள். 1975இல் நோபல் பரிசும் கிடைத்தது. எச்.ஐ.வி. என்ற வைரசையே உலகம் 1983இல்தான் கண்டது என்பதால், பூட்டு கிடைப்பதற்கு 13 வருடம் முன்னரே சாவித்துவாரத்தைப் பார்த்திருக்கிறோம் என்று சொல்லலாம்.

இந்த நொதியம் வேலைசெய்யும் விதத்தை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடத்துக்குப் போகத் தேவையில்லை. ஐந்துலாம்புச் சந்தியில் இறங்கி, செட்டியார் தெருவுக்குள் நடந்து, ஏதாவது நகைக்கடையின் மேல்மாடியில் சங்கிலி செய்கிற பத்தரைப் பார்த்தால் போதும். வாய் திறந்த சின்ன வளையம் ஒன்றைச் சாவணத்தால் எடுக்கிறார். முந்திய வளையத்தில் கொளுவுகிறார். வாயை நெருக்கி, பொடி வைத்து ஊதுகிறார். ஒட்டிவிட்டது. இப்போது கடைசியில் நிற்கும் வளையத்தில் அடுத்ததைக் கொளுவ இடம் இருக்கிறது, அதனால் அடுத்த வளையம். ஒவ்வொரு கண்ணியும் ஒரு பக்கத்தால் பழையதைப் பிடிக்கவேண்டும், மறுபக்கத்தால் புதியதற்கு இடம் கொடுக்கவேண்டும்.

சரி, அவருடைய தட்டத்தில் இருக்கும் வளையங்களுக்குள் யாரோ ஒரு போலிக் கண்ணியைப் போட்டுவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஒழுங்கான கொளுக்கி. மறுபக்கம் மொட்டை. பத்தர் அவசரத்தில் அதை எடுத்துக் கொளுவி, ஊதிவிடுகிறார். அடுத்த வளையத்தை எடுக்கும்போதுதான் தெரிகிறது, கொளுவ ஒன்றும் இல்லை. சங்கிலி அங்கேயே நின்றுவிட்டது.

நியூக்கிளியோசைட் போலிகள் என்று மருத்துவர்கள் சொல்லும் மருந்துகள் இந்த மொட்டைக் கண்ணிகள்தான். கண்ணி என்ற சொல்லுக்குத் தமிழில் பொறி என்றும் பொருள் உண்டு. இங்கே இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

கொளுக்கி எது? டிஎன்ஏ எழுத்து ஒவ்வொன்றிலும் ஒரு வெல்லமும் ஒரு காரமும் உண்டு. வெல்லத்தின் காபன்களுக்கு 1 முதல் 5 வரை இலக்கம். புதிய எழுத்து தன் 5ஆம் காபனில் இருக்கும் பொசுபேற்றால் சங்கிலியைப் பிடிக்கும். பிடிபடுவது, சங்கிலியின் கடைசி எழுத்தில் 3ஆம் காபனில் நிற்கும் ஐதரொட்சில், அதாவது அந்த ஒட்சிசனும் ஐதரசனும். ஏ.இசட்.டி. என்று உலகமறிந்த சிடோவுடினில் மற்றதெல்லாம் தைமிடின் எழுத்தைப் போலவே இருக்கும். 3ஆம் காபனில் மட்டும் ஐதரொட்சிலுக்குப் பதிலாக மூன்று நைதரசன் வரிசையாக நிற்கும். லமிவுடினில் அந்தக் காபனே கிடையாது. அந்த இடத்தில் ஒரு கந்தகம் இருக்கிறது. இப்போது அதிகம் பாவிக்கும் டெனோபோவிரில் வெல்ல வளையத்தையே காணோம், ஒரு சிறு திறந்த சங்கிலிதான். மூன்றும் மூன்று விதமாக ஒரே வேலையைச் செய்கின்றன: உள்ளே போக வழியுண்டு, அடுத்ததைக் கொளுவ வழியில்லை.

வகுப்பில் இன்னொரு இடத்தில் பிள்ளைகள் இதையே வேறு பெயரில் படிக்கிறார்கள். பிரெடரிக் சாங்கர் 1977இல் டிஎன்ஏயின் எழுத்து வரிசையை வாசிக்க வழி கண்டுபிடித்தபோது, ஐதரொட்சில் இல்லாத எழுத்துகளைக் கலந்துவிட்டு, சங்கிலி எங்கெங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் வாசித்தார். ஆய்வுகூடத்தில் வாசிப்பு, ஆஸ்பத்திரியில் வைத்தியம், உபாயம் ஒன்று.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போத்தலில் இருக்கும் குளிசை, மருந்தின் முழு வடிவம் இல்லை. சங்கிலியில் சேரவேண்டுமானால் எழுத்தில் மூன்று பொசுபேற்று இருக்கவேண்டும். ஆனால் பொசுபேற்றுக்கு மின்னேற்றம் உண்டு. அதோடு கலத்தின் மென்சவ்வைத் தாண்டமுடியாது. அதனால் பொசுபேற்று இல்லாமலே விழுங்குகிறோம். உள்ளே போன பிறகு நம் கலத்தின் சொந்த நொதியங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொசுபேற்றைப் பூட்டுகின்றன. வைரஸ் ஒளிந்திருக்கும் வீட்டுக்காரனே மருந்துக்குக் கூர் தீட்டிக் கொடுக்கிறான். டெனோபோவிரில் முதல் பொசுபேற்றுக்குச் சமமான ஒன்று தயாரிப்பிலேயே பூட்டியாகிவிட்டது. அதைக் கலத்துக்குள் கொண்டுபோகத்தான் மேலே ஓர் உறை மாட்டியிருக்கிறார்கள். கலம் இன்னும் இரண்டு மட்டும் பூட்டினால் போதும். அதோடு, அப்படிப் பூட்டிய வடிவம் கலத்துக்குள்ளேயே நாட்கணக்கில் தங்கிவிடும்.

இந்த வேறுபாடு நோயாளியின் வாழ்க்கையில் எவ்வளவு பெரியதென்று பழைய கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். 1987இல் ஏ.இசட்.டி. வந்தபோது நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டும். இரவிலும்தான். அலாரம் வைத்து எழும்பிக் குளிசை போட்டார்கள். இரத்தத்தில் அது ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும் என்பதுதான் காரணம். இன்றைக்கு ஒருநாளைக்கு ஒன்று.

ஒரு மொட்டைக் கண்ணி சங்கிலிக்குள் போவதற்கு வாய்ப்பு எவ்வளவு? கலத்துக்குள் உண்மையான தைமிடின் எழுத்தும் குவிந்து கிடக்கிறது. நொதியம் பெரும்பாலும் அதைத்தான் எடுக்கும். ஒரு பேச்சுக்கு ஆயிரத்துக்கு ஒருமுறைதான் ஏமாறுகிறது என்று வைப்போம். சொற்பம் போலத் தெரியும். ஆனால் எச்.ஐ.வியின் ஆர்என்ஏயில் அடெனின் என்ற எழுத்து மிக அதிகம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒவ்வோர் அடெனினுக்கும் எதிரே ஒரு தைமிடின் எழுத்தை வைக்கவேண்டும். ஆக, முதல் இழையை எழுதும்போதே போலியை எடுக்க 3,000க்கு மேற்பட்ட தருணம் வருகிறது. அத்தனையிலும் தப்பிக் கரைசேரும் வாய்ப்பு கணக்குப் போட்டால் நூற்றுக்கு ஐந்துதான். எழுத்து எழுத்தாகப் பார்த்தால் அரிதான தவறு, சங்கிலி முழுவதுக்குமாகச் சேர்ந்தால் ஏறக்குறைய உறுதியான முடிவாகிவிடுகிறது. முக்கால்வாசி எழுதி நின்ற பிரதியால் வைரசுக்கு எந்தப் பயனும் இல்லை. கலம் அதைச் சிதைத்துவிடும்.

அப்படியானால் நமது டிஎன்ஏ ஏன் நிற்பதில்லை? கேட்கவேண்டிய கேள்விதான். நம் கலத்தின் கருவுக்குள் டிஎன்ஏயைப் பிரதிசெய்யும் நொதியங்கள் நிதானமான பத்தர்கள். ஏ.இசட்.டியின் போலிக் கண்ணியை அவை எடுப்பது வைரசின் நொதியத்தைவிட நூறு மடங்குக்குக் கிட்டக் குறைவு. தவறி எடுத்தாலும் திரும்பிப் பார்த்து வெட்டியெறியும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. வைரசின் நொதியத்துக்கு அப்படித் திரும்பிப் பார்க்கும் உறுப்பே கிடையாது.

ஆனால் வீட்டுக்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிக்குத் தன் சொந்த டிஎன்ஏ உண்டு. அதைப் பிரதிசெய்ய ஒரு தனி நொதியம், போலிமரேஸ் காமா. மற்றவற்றைவிட அது எளிதில் ஏமாறும். டைடனோசின், சால்சிடபின், ஸ்டாவுடின் என்ற ஆரம்பகால மருந்துகள் அங்கேயும் கைவைத்தன. இழைமணி பழுதானால் கலத்தில் சக்தி குறையும். நரம்புக் கலம் அதை முதலில் உணரும். அதனால் உள்ளங்கால் எரிவு, ஊசி குத்துவது போன்ற நோவு. சிலருக்கு இரத்தத்தில் லக்ரிக் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தானது. ஸ்டாவுடின் முகத்துக் கொழுப்பைக் கரைத்துக் கன்னத்தை ஒட்டவைத்தது. மலிவான குளிசை என்பதால் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் இலட்சக்கணக்கானவர்கள் அதைத்தான் எடுத்தார்கள். தன் நோயை யாருக்கும் சொல்லாமல் வாழ்ந்தவரைக் கன்னம் காட்டிக்கொடுத்த கொடுமை அது. அதைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. ஏ.இசட்.டி. வேறு விதம், என்புமச்சையைத் தாக்கிக் குருதிச்சோகையைக் கொண்டுவரும். "எச்.ஐ.வி. மருந்து ஆளை உருக்கிவிடும்" என்ற பேச்சு கொழும்பில் இன்னும் அடிபடுகிறது. அந்தப் பேச்சு பிறந்தது அந்தக் காலத்து மருந்துகளால். இப்போது பாவிக்கும் லமிவுடினும் டெனோபோவிரும் இழைமணியை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. டெனோபோவிரில் சிறுநீரகத்தையும் எலும்பையும் கவனிக்கவேண்டும் என்பதால் இடைக்கிடை இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

இந்த மருந்தின் பூர்வீகம் கொஞ்சம் விசித்திரம். ஏ.இசட்.டியை 1964இல் அமெரிக்காவின் டெட்ரோயிட்டில் ஜெரோம் ஹோர்விட்ஸ் செய்தார். அவர் நினைத்தது புற்றுநோய்க்கு: பெருகும் கலத்துக்கு மொட்டைக் கண்ணி கொடுத்தால் பெருக்கம் நிற்கும். யோசனை நல்லது, மருந்து வேலைசெய்யவில்லை. காரணம் இப்போது நமக்குத் தெரியும்: மனித நொதியம் ஏமாறவில்லை. எந்தக் குணத்தால் அது புற்றுநோயில் தோற்றதோ, அதே குணத்தால்தான் எச்.ஐ.வியில் வென்றது. 1974இல் ஜெர்மனியில் வொல்ப்ராம் ஒஸ்டர்டாக் எலியின் வைரஸ் ஒன்றை அது தடுப்பதைக் காட்டினார். மனிதருக்கு அப்படியொரு வைரஸ் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1985இல் பரோஸ் வெல்கம் கம்பனி அனுப்பிய சேர்வைகளுக்குள் அதுவும் இருந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஹிரோஆகி மிட்சுயாவும் சாமுவேல் புரோடரும் பரிசோதித்தபோது எச்.ஐ.வி. நின்றது. 1986இல் 282 பேரை வைத்துச் செய்த சோதனையில் வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 19 பேர் இறந்திருந்தார்கள், மருந்து எடுத்தவர்களில் ஒருவர். சோதனையை இடையிலேயே நிறுத்தி எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். 1987 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இலங்கையர் ஒருவருக்கு முதன்முதல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டதும் அதே 1987இல். விலை ஆண்டுக்கு 8,000 டொலருக்கும் மேல். இங்கே யார் வாங்கியிருக்க முடியும்?

வாங்கியிருந்தாலும் நிலைத்திருக்காது. ஏ.இசட்.டி. தனியாக ஓர் ஆண்டு, கூடினால் இரண்டு ஆண்டு பிடிக்கும். பிறகு வைரஸ் மீண்டும் ஏறும். திரும்பிப் பார்க்காத நொதியத்தின் மறுபக்கம் இது. அது பிழைவிட்டுப் பிழைவிட்டு எழுதும். சிகிச்சை இல்லாத ஒருவர் உடம்பில் ஒருநாளைக்கு ஆயிரம் கோடி அளவில் புதிய வைரஸ் பிறக்கிறது. அந்தத் தொகையில், எந்த ஓரிடத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே ஒரு விகாரம், அதாவது எழுத்துப் பிழை, ஒவ்வொரு நாளும் எங்கோ நடந்திருக்கும். மருந்துக்கு மசியாத வைரஸ் மருந்து தொடங்க முன்னரே உள்ளே இருக்கிறது. மருந்து மற்றவற்றை அடக்கி அதற்கு இடம்விட்டுக் கொடுக்கிறது.

தப்பும் வழி இரண்டு. லமிவுடினிடம் இருந்து தப்ப, நொதியத்தின் 184ஆம் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்துக்கு வலின் என்ற இன்னொன்று வருகிறது. வாசல் ஒடுங்கிப்போய், லமிவுடின் முட்டிக்கொண்டு உள்ளே வரமுடியாமல் நிற்கும். ஏ.இசட்.டியிடம் இருந்து தப்பும் வழி வேறு: மொட்டைக் கண்ணியை எடுத்துக் கொளுவிய பிறகு, அதைக் கழற்றியெறியப் பழகிக்கொள்கிறது. சங்கிலி மறுபடி ஓடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 184இல் மாறிய நொதியத்துக்குக் கழற்றும் திறமை குறைந்துவிடும். பொதுவாக வேலையிலும் மந்தமாகிவிடும். லமிவுடினுக்கு மசியாத வைரஸ் ஏ.இசட்.டிக்கும் டெனோபோவிருக்கும் முன்னரைவிடக் கூடுதலாக மசிகிறது. அதனால்தான் லமிவுடினுக்கு எதிர்ப்பு வந்துவிட்டதென்று அறிக்கையில் கண்ட பிறகும் சில வேளை வைத்தியர் அதை நிறுத்துவதில்லை. "வேலை செய்யாத மருந்தை ஏன் தருகிறார்கள்?" என்று நோயாளி குழம்பினால் அதில் பிழையில்லை.

1996இல் மூன்று மருந்து சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் கதை மாறியது. மூன்றுக்கும் ஒரேநேரத்தில் தப்பவேண்டுமானால் ஒரே வைரசில் பல விகாரங்கள் ஒன்றாக விழவேண்டும். அது நடப்பது மிக அரிது. இப்போது உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்வது டெனோபோவிர் 300 மில்லிகிராம், லமிவுடின் 300, டொலுடெகிராவிர் 50 சேர்ந்த ஒற்றைக் குளிசை. முதல் இரண்டும் மொட்டைக் கண்ணி. மூன்றாவது வேறு இனம். எழுதி முடித்த பிரதியைக் கலத்தின் டிஎன்ஏக்குள் செருகும் நொதியத்தைப் பிடிக்கும். 2001இல் இந்தியாவின் சிப்ளா கம்பனி மூன்று மருந்துக் கலவையை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் விலை விழத்தொடங்கியது. இலங்கையில் இது இலவசம். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் இருக்கும் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்கிலும் மற்ற அரச கிளினிக்குகளிலும் தருகிறார்கள்.

இனித் தொடக்கத்தில் கேட்ட மற்றக் கேள்வி: ஏன் வாழ்நாள் முழுக்க எடுக்கவேண்டும்? மொட்டைக் கண்ணி வேலைசெய்வது சங்கிலி கோக்கும் நேரத்தில் மட்டும். ஏற்கெனவே கோத்து முடித்து, கலத்தின் டிஎன்ஏக்குள் செருகிய சங்கிலியை இந்த மருந்தால் ஒன்றும் செய்யமுடியாது. அப்படிச் செருகிய கலங்களில் பெரும்பாலானவை சில நாளில் தாமாகச் சாகும். ஆனால் ஒரு சிறு கூட்டம், நோயெதிர்ப்பின் நினைவுக் கலங்கள், உறங்கிக்கொண்டே கிடக்கும். அவை பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதம் எடுக்கிறது. முற்றாக ஒழிய 70 வருடத்துக்கு மேல் செல்லும் என்பது கணக்கு. எந்தக் கலம் எப்போது விழிக்கும் என்று சொல்லமுடியாது. விழித்து வைரசை வெளியே விடும் அன்றைக்குப் பக்கத்துக் கலத்தில் மொட்டைக் கண்ணி தயாராக இருக்கவேண்டும். இருந்தால் அந்த வைரஸ் அங்கேயே முடிந்தது. ஒழுங்காக எடுப்பவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்கமுடியாத அளவுக்குக் குறைவதும், அவரிடம் இருந்து துணைக்குப் பாலுறவால் தொற்றாமல் இருப்பதும் இதனால்தான். குளிசையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரத்தில் வைரஸ் திரும்பி வந்துவிடும். விட்டுவிட்டு எடுப்பது இன்னும் மோசம். அரைகுறையாக மருந்திருக்கும் கலம்தான் வைரஸ் தப்பப் பழகும் பள்ளிக்கூடம்.

செருகுவதற்கு முன் பிடித்துவிட்டால்? அதற்கும் வழியிருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் கையில் குத்திய தாதிக்கு 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கச் சொல்வது அதனால். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. 28 நாள் எடுக்கவேண்டும்.

பிறக்கும் குழந்தை விசயத்திலும் கணக்கு இதேதான். 1994இல் வந்த ஆய்வு ஒன்றில், தாய்க்குக் கர்ப்பத்திலும் பிரசவத்திலும், பிள்ளைக்குப் பிறந்த பின்னும் ஏ.இசட்.டி. மட்டும் கொடுத்தபோது, தொற்று 25.5 சதவீதத்தில் இருந்து 8.3 சதவீதமாக இறங்கியது. இப்போது தாய்க்கு மூன்று மருந்து கொடுப்பதால் அது இன்னும் எவ்வளவோ கீழே போய்விட்டது. தாயில் இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்று கொடுத்தது. பெரியவர்களின் குளிசையில் இருந்து ஏ.இசட்.டி. ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறக்கும் பிள்ளையின் வாயில் முதல் சில வாரம் ஊற்றும் சிரப்பில், டெட்ரோயிட்டில் புற்றுநோய்க்குச் செய்து தோற்ற அந்த 1964ஆம் ஆண்டுக் கண்ணி இன்னும் இருக்கிறது.